காலி டப்பா

"டப்பா தினமும் காலியாத்தான் திரும்பி வருது. ஆனா புள்ளை ஒரு வாய்கூட சாப்பிடலையாம். அப்போ சாப்பாடெல்லாம் எங்கேங்க போகுது?"

பயிற்சி நிலையத்தின் வெளி பெஞ்சில் உட்கார்ந்து பட்டுவின் அம்மா பொரிந்து தள்ளினாள். பக்கத்தில் இருந்த இன்னொரு குழந்தையின் அம்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எங்கே போகுது?"

"நேத்து கதவுக் கண்ணாடி வழியா நானே பார்த்தேன். டீச்சரம்மா சப்புக்கொட்டிச் சாப்பிடுறாங்க! எம்புள்ளை அவங்க வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

"அடப்பாவமே! இது நல்ல கூத்தா இருக்கே!"

பட்டுவுக்கு மூன்று வயது. பிறந்து ஒரு வருஷம் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். குழாயை எடுத்த பிறகும் பாட்டில் பாலைத் தவிர வேறெதுவும் வாய்ப்பக்கம் வரக்கூடாது. ஸ்பூனைப் பார்த்தாலே குமட்டுவாள். சாப்பாட்டை விரலால்கூடத் தொடமாட்டாள்.

ஒரே ஒரு வாய் அவள் விழுங்குவதைப் பார்த்துவிட வேண்டும். அம்மாவுக்கு வேறு ஆசையே கிடையாது. தெருவில் ஏதாவது குழந்தை பன்னைக் கடித்துக்கொண்டு போனால் அப்படியே நின்றுவிடுவாள். ஐயோ, கண் பட்டுவிடப் போகிறதே என்று அப்புறம் அவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதற்காகத்தான், குழந்தைகளைச் சாப்பிடப் பழக்கும் இந்தப் பயிற்சி நிலையத்துக்குத் தினமும் பஸ் பிடித்து வருவது.

"நீங்க சமைச்சதையே கொண்டாங்கம்மா. ஆனா நீங்க உள்ளே வேண்டாம். நீங்க கெஞ்சக் கெஞ்ச அவ வாயை இறுக்கிக்கிறா" என்று டீச்சரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எட்டு வாரமாக உருளைக்கிழங்கை வேகவைத்து, வெண்ணெய் மாதிரி மசித்து, பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தது யாருக்காக?

"இன்னைக்கு மசியல்ல மூணு ஸ்பூன் உப்பைக் கொட்டிக் கிளறிட்டேன்" என்று அம்மா கிசுகிசுத்தாள். "கையும் களவுமா மாட்டட்டும்."

"ஐயையோ, குழந்தை சாப்பிட்டுட்டா?"

"அவ எங்கேங்க வாயில வைக்கப் போறா?"

எழுந்துபோய், கண்ணாடியில் ஒட்டியிருந்த யானைப் படத்துக்குக் கீழே கண்ணை வைத்தாள்.

உள்ளே டீச்சரம்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். ஒரு நொடி அப்படியே நின்றார். பட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஹா! எங்க பட்டு அம்மா சமையல்னா சமையல்தான்!"

விழுங்கினார். இன்னொரு ஸ்பூன். அதையும் சிரித்துக்கொண்டே விழுங்கினார். கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்துக்கொண்டது.

அம்மாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அப்போதுதான் பட்டு மெல்லக் கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலை டப்பாவுக்குள் விட்டாள். மசியல் ஒட்டிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

மூன்று வருஷமாக அம்மா ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு நொடிக்குத்தான்.

"ஐயோ, வேண்டாம்டி தங்கம்!" கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

டீச்சரம்மா அதற்குள் அந்தக் குட்டிக் கையைப் பிடித்திருந்தார். "பட்டு, முதல் வாய் அம்மாவுக்கு! அம்மாவுக்கு ஊட்டு, பார்ப்போம்!"

பட்டு விரலை அம்மாவின் வாயில் வைத்தாள். வைத்துவிட்டு, அம்மா முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

தொண்டைவரை கரித்தது. அம்மா முகம் சுளிக்கவில்லை.

"நல்லா... நல்லா இருக்குடி செல்லம்." குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

டீச்சரம்மா ஈரத் துணியால் பட்டுவின் விரலைத் துடைத்துவிட்டார். டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இன்னொரு டம்ளரை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் ருசிச்சுச் சாப்பிடுறதைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆசை வரணும். என் மூஞ்சி கொஞ்சம் சுளிச்சிருந்தாலும் எட்டு வார உழைப்பும் போயிருக்கும்மா" என்றார் டீச்சரம்மா மெதுவாக. "நாளைக்கு உப்பை மட்டும் அளவாப் போட்டுக் கொண்டாங்க. நாளைக்கு அவ சாப்பிடப் போறா."