மன்னிக்காதவள் வீட்டுத் திருவிருந்து

"மன்னிக்க மாட்டேன் பாஸ்டர். வேற ஏதாவது பேசுங்க."

தையல்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிஷினில் பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றின் காலர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பமும் திராட்சரசமும் இருந்த திருவிருந்துப் பெட்டியை மடியில் வைத்தபடி போதகர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சபைக்கு மாற்றலாகி வந்தவர். மூட்டை முடிச்சுகளைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அதற்குள் இந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். நேற்று ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே வழிமறித்துவிட்டாள்.

"வீட்டுல ஒரு சீக்காளி படுத்த படுக்கையா கிடக்கு. நீங்க வந்து திருவிருந்து குடுக்கணும். பழைய பாஸ்டர் கடைசிவரைக்கும் வர மாட்டேன்னுட்டாரு. நீங்க எப்படி?"

அத்தனை பேர் முன்னால் கேட்டால் என்ன சொல்வது? வந்துவிட்டார்.

சுவரோரக் கட்டிலில் அந்த மனிதர் கிடந்தார். பக்கவாதம். பேச்சில்லை. கண்கள் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தன. கட்டிலுக்கு மேலே ஒரு வாலிபனின் படம்; லாரி ஏறிச் செத்துப்போன மகன் என்று வந்தவுடனேயே அவள் சொல்லியிருந்தாள். படத்தில் அவன் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, இப்போது கட்டிலில் கிடந்தவர் உடம்பில் இருந்தது. ஆளைத் தூக்காமல் மாட்டிவிட வசதியாக அதன் முதுகைப் பிரித்து நாடா வைத்துத் தைத்திருந்தாள். மகனின் சட்டை தகப்பனுக்கு என்று போதகருக்குப் பட்டது.

"அம்மா, மனசுல இவ்வளவு கசப்பு இருக்கிற வீட்டுல நான் எப்படி அப்பத்தைப் பிட்கிறது? உங்க மகன் மேல லாரியை ஏத்தின அந்த டிரைவரை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு பேருக்குமே குடுத்துடறேன்."

"எனக்கு வேண்டாம். மகன் போனதுல இருந்து நான் கை நீட்டினதே இல்ல. அப்பத் தட்டு வந்தா பக்கத்து ஆளுக்குத் தள்ளி விட்டுடுவேன். மன்னிக்காதவ வாங்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். இந்த மனுஷனுக்குக் குடுங்க, போதும்."

"அந்த டிரைவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கான். அவ்வளவு லேசுல சாக விட்டுடுவேனா?"

போதகர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவர் முகத்தையாவது மறக்கப் பாருங்கம்மா."

"எங்க மறக்கிறது? காலையில கண்ணைத் திறந்தா முதல்ல அவன் மூஞ்சிதான். குடிச்சிட்டு ஓட்டினான் பாஸ்டர். கோர்ட்டுல, 'பையன்தான் குறுக்க வந்தான்'னு வாய் கூசாம சொன்னான். அதை எப்படி மன்னிக்கச் சொல்றீங்க?"



கட்டிலில் முனகல் கேட்டது.

"இருய்யா, வர்றேன். உசிரை வாங்காதே."

எழுந்து போய் அவரைப் பக்கவாட்டில் புரட்டினாள். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள். அந்த முதுகில் பேருக்குக்கூட ஒரு படுக்கைப் புண் இல்லை. போதகர் கவனித்தார்.

"சரிம்மா. ஆனா ஐயாவால பாவ அறிக்கை சொல்ல முடியாதே. அது இல்லாம..."

அவள் வெடுக்கென்று திரும்பினாள்.

"வாய் போயிடுச்சுன்னா கிருபையும் போயிடுச்சா? நேத்து மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'கிருபை இலவசம், தகுதி பார்க்காது'ன்னு தொண்டை கிழியக் கத்தினீங்களே! அதெல்லாம் நடந்து வர்றவங்களுக்கு மட்டும்தானா? இந்த மனுஷன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப சொந்தம்னு ஒரு நாதி எட்டிப் பார்க்கல. நானும் நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கணும்னுதான் போனேன். தண்ணிக்கு வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்துச்சு. அப்புறம் என்னத்தக் கேட்கிறது? வண்டி பிடிச்சுத் தூக்கிட்டு வந்துட்டேன்."

பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போன புருஷன் போலிருக்கிறது என்று போதகர் நினைத்துக்கொண்டார். அதனால்தான் பழைய போதகர் வரவில்லையோ? பாவம், இந்த அம்மா. இவரை ஏற்றுக்கொண்ட மனசுக்கு அந்த டிரைவரை மட்டும் ஏற்க முடியவில்லை.

"குடுப்பீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா சொல்லிடுங்க. பெட்டியை இங்க வச்சிட்டுப் போங்க, நானே குடுத்துக்கிறேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் செய்யக் கூடாதும்மா!" போதகர் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தார்.

அவள் மிஷின் மேலிருந்த நூல் பிசிறுகளைத் தட்டிவிட்டு, புது வெள்ளைத் துணி ஒன்றை விரித்தாள். போதகர் அப்பத்தைச் சின்னதாகப் பிட்டுத் திராட்சரசத்தில் தோய்த்தார். கண்களை மூடினார்.

"ஆண்டவரே, ஒரே மகனை இழந்து நிற்கிற இந்தத் தகப்பனையும் தாயையும்..."

"நிறுத்துங்க பாஸ்டர். ஜெபத்துல பொய் வேண்டாம்."

போதகர் கண்ணைத் திறந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, அந்த மனிதரின் தலையைத் தன் தோளில் சாய்த்து, முகவாய்க்குக் கீழே துண்டைப் பிடித்திருந்தாள்.

"என் பையனோட தகப்பன் எப்பவோ கல்லறைக்குப் போயாச்சு. லாரியை ஓட்டினவன்தான் இவன். நான் இன்னும் மன்னிக்கல, அது வேற. வாயைத் திறக்கிறான் பாருங்க, குடுங்க."