வாசலில் நடுங்கியவர்

வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர்களுக்கு அன்று உரிமத் தேர்வு. செய்முறை அறை வாசலில் ஒருவர் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவுக்குத் தன் பயமே மறந்துபோனது.

"முதல் தடவையா அண்ணா?"

"ஆமாம்மா. உங்களுக்கு?"

"நாலாவது. போன தடவை பதற்றத்துல நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன்."

அவர் முகம் வெளிறியது.

"பயப்படாதீங்கண்ணா. எக்ஸாமினரும் மனுஷன்தானே, கடிச்சா தின்னுடப்போறார்?"

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரும் கூடவே எழுந்தார்.

"ஒவ்வொருத்தராத்தான் விடுவாங்க அண்ணா."

"தெரியும்மா." அவர் உள்ளே போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்தார். "நான்தான் எக்ஸாமினர். வர வேண்டிய பேஷன்ட் பயந்து ஓடிட்டார். என் சொத்தைப் பல்லையே எடுக்கச் சொல்லிட்டாங்க. வலப்பக்கம், கீழே... ஐயோ, வலப்பக்கம்மா!"