ஒரு எழுத்து விடாம வாசிங்க

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் விளையாட்டே நாறிப்போச்சு!"

கிளப் தலைவர் மேசையைத் தட்டின தட்டுல தண்ணி பாட்டில் உருண்டுச்சு. பாட்டில் மேல ஒரு பந்தய ஆப்போட விளம்பரம். சுவத்துல, காலண்டர்ல, எதிர்ல நின்னவளோட பனியன் நெஞ்சுல, எங்கயும் அதே விளம்பரம்தான்.

நின்னவ நீலச்சட்டை டீமோட கோல்கீப்பர். கூட ஆடறவங்க வெச்ச பேரு 'பூட்டு'. பதினோரு வருசமா அந்தக் கோலைப் பூட்டி வெச்சவ.

"பந்தயம் கட்டினியா இல்லையா?"

"கட்டினேன் சார். நம்ம டீம் ஜெயிக்கும்னு ஒரே ஒரு தடவை. தப்புதான்."

"ஜெயிக்கும்னு கட்டினா நீ என்ன தியாகியா? கிளப்ல யாரு கட்டினாலும் ஆயுள் தடை! ஆட்டக்காரியோ, கோச்சோ, ஏன், நானே கட்டியிருந்தாலும் அடுத்த நிமிசம் வெளிய போகணும்!"

'நானே'ன்னும்போது நெஞ்சைத் தொட்டுக்கிட்டாரு. கமிட்டியில இருந்த மூணு பேரும் தலையாட்டி பொம்மையாட்டம் ஆட்டினாங்க.

இந்தக் கையுறையைக் கழட்டிட்டா பூட்டுக்கு வேற என்ன தெரியும்?

போன வாரம் அந்த ஆட்டத்தோட கடைசி நிமிசத்துல அவ பெனால்டியைப் பாஞ்சு பிடிச்சப்போ மைதானமே குதிச்சுது. தலைவர் மட்டும் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. பாவம், சந்தோசம் தாங்காம மயக்கம் வந்துடுச்சு போலன்னு இவதான் ஓடிப்போய் தண்ணி குடுத்தா.

"சார், ரெண்டு வருசம் தடை போடுங்க, வாயை மூடிக்கிட்டு ஏத்துக்கறேன். ஆயுளுக்கும் வேணாம் சார்."

"பேச்சே கிடையாது! நம்ம போன்ல நம்பர் இருக்கறவங்க எதுமேல கட்டினாங்கன்னு அந்த ஆப்லயே காட்டுது. நானே கண்ணால பார்த்து, என் போன்லயே படம் எடுத்தேன்!"

அவ பேரைச் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டு, கலர்ல அஞ்சு நகல் வேற எடுத்து வெச்சிருந்தாரு.

கிளார்க்கம்மா மினிட்ஸ் நோட்டைத் திறந்தாங்க. "சார், ஆதாரத்தை வாசிச்சுட்டுத்தான் நோட்டுல ஏத்தணும்."

"வாசிங்கம்மா. ஒரு எழுத்து விடக் கூடாது. நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக் கூடாது பாருங்க."

"'மணி ஆறு இருபது. சார்ஜ் பதினாலு சதவீதம்...'"

"அதெல்லாம் எதுக்கும்மா!"

"ஒரு எழுத்து விடக் கூடாதுன்னீங்களே சார்."

"சரி, சரி. மேல போங்க."

"'உங்கள் தொடர்பில் இருப்பவர்: பூட்டு. கட்டியது: நீலச்சட்டை வெற்றி.'"

"கேட்டீங்களா? கையும் களவுமா!"

பூட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"கீழ பொடி எழுத்துல இன்னொரு வரி இருக்கு சார்."

"அதை மட்டும் ஏன் விடறீங்க? நல்லா சத்தமா வாசிங்க!"

கிளார்க்கம்மா கண்ணாடியைக் கழட்டி, முந்தானையில துடைச்சு, மறுபடி மாட்டிக்கிட்டு, சத்தமாவே வாசிச்சாங்க.

"'நீங்கள் கட்டியது: நீலச்சட்டை தோல்வி.'"