ஆறு திரைகளும் ஒரு விரலும்

சாரம் பகுதியில் ஒரு மாடியில் இருக்கும் கேம் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறுக்கும் ஒரே இணைய இணைப்பு. ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளின் கிழிசல் வழியே பிற்பகல் வெயில் சுடர்விழியின் கழுத்தில் கோடாக விழுகிறது. இன்று வெளியான புது விளையாட்டில் நுழைய ஊர் உலகமே முண்டியடிக்கிறது, சர்வர் திணறுகிறது. ஐந்து திரைகளில் வரிசை எண் மெல்லக் குறைகிறது. காலையிலிருந்து காத்திருக்கும் சுடர்விழிக்கு இப்போது முப்பத்தொன்று. ஆறாவது திரையில் வினோத்குமாருக்கு வரிசையில் இடமே கிடைக்கவில்லை. அவன் எண்டரைத் தட்டுகிறான். டக். டக்.

"தட்டாதடா. ஒரே லைன்லேர்ந்து இத்தினி வாட்டி முட்டுனா மொத்த லைனையும் பிளாக் பண்ணிடுவான்" என்கிறாள் அவள், திரும்பாமலேயே.

"நீங்க அஞ்சு பேரும் போயிட்டா டீம் ஃபுல்லு. நான் வேடிக்கை பாக்கணுமா?"

"குருசுக்குப்பத்துலேர்ந்து நானே ஏழு மணிக்கு வந்துட்டேன். பக்கத்துத் தெருவுல இருக்குற ஒனக்கு மதியந்தான் விடிஞ்சுது."

யாரோ சிரிக்கிறார்கள். ஏசியின் நீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டுகிறது. வினோத்குமார் அவளுடைய திரையையே பார்த்தபடி தட்டுகிறான். பன்னிரண்டு. ஒன்பது. நான்கு. டக்.

ஆறு திரைகளும் ஒரே நொடியில் சிவக்கின்றன: 'இந்த இணைப்பு இருபத்து நான்கு மணி நேரத்துக்குத் தடுக்கப்பட்டுள்ளது.' ஹெட்போன்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்குகின்றன. சுடர்விழி இப்போதுதான் நாற்காலியோடு அவன் பக்கம் திரும்புகிறாள். அவன் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு, இன்னொரு முறை எண்டரைத் தட்டுகிறான்.