நான்கு கம்பிகள்

மாலை வகுப்பில் நாளை நெட்வொர்க்கிங் செய்முறைத் தேர்வு. தேறினால் நான் வேலை செய்யும் ஒரகடம் கம்பெனியில் அசெம்பிளி லைனிலிருந்து ஐடி பிரிவுக்கு மாறலாம். ஆனால் ஆயிரம் எம்பிபிஎஸ் வேகம் வர வேண்டிய என் அறை நெட் இணைப்பில் நூறுதான் வருகிறது. இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாத நான் எதற்குத் தேர்வுக்குப் போக வேண்டும்?

லேப்டாப்பை மாற்றிப் பார்த்தேன். ரவுட்டரில் போர்ட்டை மாற்றினேன். வெளியே தெரியும் கேபிளையும் மாற்றினேன். சுவருக்குள் போகும் கேபிளை மட்டும் சந்தேகிக்கவில்லை. அதை இழுத்தது என் அண்ணன் திருமலை. வீடு வீடாக நெட் இணைப்புக் கொடுப்பதே அவன் தொழில்.

"நூறே நல்ல ஸ்பீடுதான். இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீற?" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இர்றா. எம் பொண்ணு கண்டுபுடிப்பா. சொந்தக்காரங்க எல்லாம் வேணான்னப்போ கிளாசுக்கு அனுப்புனவன் நான்," என்றார் அப்பா.

அந்தத் தைரியத்தில் சுவர்ப் பெட்டியைத் திறந்தேன். ஜிகாபிட்டுக்கு, அதாவது அந்த ஆயிரம் வேகத்துக்கு, கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும்; நான்கு மட்டும் என்றால் நூறுதான். என் இணைப்பில் நான்குதான் இருந்தன. மற்ற நான்கும் தனியாகப் பிரிந்து அலமாரிக்கு மேலே போயின. நாற்காலி போட்டு ஏறினேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு குட்டிக் கேமரா, என் மேசையைப் பார்த்தபடி.

"கூடப் பொறந்தவளையே வேவு பாக்குறியா?" அண்ணனின் சட்டையைப் பிடித்தேன்.

அவன் அப்பாவைப் பார்த்தான்.

அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். திரையில் என் மேசை தெரிந்தது.

"தெனம் பாத்துகினுதாம்மா கீறேன்," என்றார் பெருமையாக. "இதுவரைக்கும் உம்மேல ஒரு குத்தமும் இல்ல."