மடிப்புக் கலைந்த சேலைகள்

"ராத்தா, அந்தச் சாம்பிராணி வாசம் இன்னம் போகல்ல" என்றாள் ஜெஸீமா, அலுமாரிக் கதவைத் திறந்து முகர்ந்தபடி. "நம்ம வீட்டுல இந்தக் கிழமை முழுக்க ஒருத்தரும் சாம்பிராணி போடல்லயே. எனக்கெண்டா பயமா ஈக்கிது."

"பயந்தா யாவாரம் பண்ண ஏலாது. சேல தொங்கப்போடுற கயித்த இழுத்துக் கட்டு" என்றாள் அக்காக்காரி ஹம்ஸியா.

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த வாசம் அவளையும் சில நாட்களாகத் துரத்திக்கொண்டுதான் இருந்தது. சேலைகளை வெயிலில் போட்டாள், கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தாள். சூடு பட்டதும் வாசம் இன்னும் கிளம்பியது. முன்னறையில் தனியாக நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது.

பதுளையில் ஹம்ஸியாவின் முன்னறைதான் அவளுடைய கடை. போர்டும் கிடையாது, கல்லாப்பெட்டியும் கிடையாது. நோன்புப் பெருநாளுக்கு டவுன் முஸ்லிம் பெண்கள், நத்தாருக்குக் கிறிஸ்தவப் பெண்கள், தீபாவளிக்குத் தோட்டத்துப் பெண்கள் என்று பண்டிகைக்கு ஒரு தரம் எல்லோரையும் கூப்பிட்டு, தேத்தண்ணியும் அவித்த கடலையும் கொடுத்துச் சேலை காட்டுவாள். விற்கப்போகும் சேலைகளில் ஒன்றைத் தானே உடுத்திக்கொண்டு நிற்பாள்.

"பொம்மை கட்டினா பார்ப்பாங்க. ஆள் கட்டினாத்தான் வாங்குவாங்க" என்பது அவள் சித்தாந்தம்.

இந்தத் தீபாவளிக்குக் காட்டச் சேலைதான் இல்லை. ஒரு துண்டுப் பாணுக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் புதுச் சேலைக்கு எங்கே போவது? வெறுங்கயிற்றைக் காட்டினால் மடுல்சீமைத் தோட்டத்துப் பெண்கள் அடுத்த வருடம் வேறு வாசலைப் பார்த்துக்கொள்வார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இந்த முன்னறையை விட்டால் பிழைக்க வழியில்லை.

அந்த நேரத்தில்தான், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, தரகர் காமில் ஒரு மூட்டையோடு வந்தார்.

"மடிப்பு மட்டும் கலைஞ்சீக்கிது, தங்கச்சி. ஒருத்தரும் ஒரு நாளும் உடுத்தல்ல" என்றார். "தோட்டத்து டோபிமாருக்கு வேலைக்குக் கூலியாக் கெடச்ச சேலையாம். அவங்களுக்குச் சேலையா பெரிசு, சோறுதானே பெரிசு?"

ஹம்ஸியா ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். சாயம் மங்கவில்லை, ஓரம் நையவில்லை, எல்லாம் புத்தம் புதிது. ஓர் ஊதாச் சேலையின் முந்தானையில் மட்டும் மிளகளவு பொசுங்கியிருந்தது. அதன் மேல் மஞ்சள் நூலில் ஒரு பூவைத் தைத்து மறைத்து, அதையே தான் உடுத்துவதற்கென்று எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிறைந்துவிட்டது. ஹம்ஸியா ஊதாச் சேலையின் முந்தானையைத் தலையில் முக்காடாக இழுத்துவிட்டு, சிரித்த முகமாக நின்றாள். உடம்பு மட்டும் ஏனோ சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

"இந்தப் பஞ்சத்துல இவ்வளவு புதுசு எங்கம்மா புடிச்சீங்க?" என்று தோட்டத்திலிருந்து வந்த மூக்காயி ஒரு பச்சைச் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்தாள். "இத யாருக்கும் குடுத்துறாதீங்க. தீவாளிக்கு நான்தான் கட்டுவேன்."

ஹம்ஸியாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் கண் வாசலிலேயே கிடந்தது. வருடா வருடம் இந்தப் பெண்களைச் சேர்த்து பஸ் ஏற்றி அழைத்து வருகிற பவுனம்மாவை இன்னும் காணோம்.

"அடுத்த பஸ்ல வர்றேன்னுச்சு" என்றாள் மூக்காயி. "ஆவணியில அவ அக்கா செத்துப் போச்சுங்க. அதுல இருந்து ஆளு ஒரு நெலையில இல்ல."

"இன்னாலில்லாஹி... எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே" என்று ஹம்ஸியா மனம் கலங்கினாள். பவுனம்மாவுக்கு முதலில் சூடாக ஒரு தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்று கோப்பையை எடுக்கத் திரும்பினாள்.

அப்போது வாசலில் ஓர் அலறல் கேட்டது. பவுனம்மா கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அவள் கண்கள் ஹம்ஸியாவின் முதுகையே வெறித்தன.

"அக்கா... அந்தா எங்கக்கா நிக்குது!"

"நான் சொன்னேனே ராத்தா, இந்த வீட்டுல என்னமோ ஈக்கிது" என்று ஜெஸீமா அழுதே விட்டாள்.

ஹம்ஸியா ஓடிப்போய்ப் பவுனம்மாவின் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "நான் ஹம்ஸியா, பவுனம்மா. என்னைப் பாருங்க."

பவுனம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து, மஞ்சள் பூவைத் திருப்பி, அதன் பின்பக்கத்தை விரலால் தடவினாள்.

"தலமாட்டுல நான் வச்ச ஊதுபத்தி சாஞ்சு பொசுங்கினதும்மா இது" என்றாள். "எங்கக்கா பொணத்து மேல நான் போட்ட கோடிச் சேல. தூக்கறதுக்கு முன்ன எல்லாக் கோடியையும் உருவி, வழக்கப்படி டோபி கையில குடுத்தோம்."

ஹம்ஸியா அறிந்த மையித்துக்கெல்லாம் போர்த்துவது வெள்ளைத் துணி ஒன்றுதான். அது மையித்தோடு மண்ணுக்குப் போய்விடும், வீட்டுக்குத் திரும்பி வராது. உடம்பில் கிடந்த சேலையைக் கழற்றி எறியவும் முடியாமல், கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாமல் அவள் விறைத்துப்போனாள்.

தோளில் கிடந்த பச்சைச் சேலையை மூக்காயி இரண்டு விரலால் மெல்லத் தூக்கினாள்.

"அப்ப, இது யாருக்குப் போட்டதுங்க?"