முன்னோர் பெட்டி

அன்று கொரியாவின் ஆண்டோங் சந்தையின் அந்தச் சின்னக் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரி ஓ கியோங்-ரன், முகமூடி செதுக்கும் பே டோக்-சு, ஷின் குடும்பத்து மூத்த கிளையின் தலைவர் ஷின் மன்-ஹோ, அவர் மனைவி இம் சுன்-நே, மேல்தட்டில் நீலத் துணியால் முடிந்த பெட்டிக்குள் நான்கு தலைமுறை முன்னோர்.

வசந்தத்தில் வந்த காட்டுத்தீயில் கடைக்காரியைத் தவிர எல்லாருக்கும் வீடு போயிருந்தது. முன்னோருக்கும்தான்.

எரிந்த ஊர்க்காரர்கள் செய்ததை மட்டுமே கியோங்-ரன் விற்றாள். டோக்-சுவின் முகமூடிகள். சுன்-நேயும் மற்றப் பெண்களும் இரவல் தறியில் நெய்த சணல் துணி. பிணத்துக்கு உடுத்தும் துணி அது. அவள் அதைக் கையகலத்துக்கு வெட்டி, காபிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் துண்டாக விற்றாள். சியோல்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

மன்-ஹோ அந்தத் துண்டுகள் அடுக்கிய மேசைக்கு முதுகைக் காட்டியே உட்காருவார்.

தீக்குப் பின் தங்கக் கொடுத்த தகர வீட்டில் கழிப்பறைக்கு எதிரே முன்னோரை வைக்க முடியாது என்று பெட்டியை இங்கே கொண்டுவந்தவர் அவர்தான். வருகிறவர்கள் அதற்குக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். தீக்குள் ஓடி முன்னோர் குடியிருக்கும் பெயர்ப்பலகைகளை மீட்டவர் என்று அவருக்கும். அறுவடைப் பண்டிகையன்று வெளியூர்க் கிளைகளெல்லாம் வந்து, பெட்டியின் முன் மது ஊற்றி, நெற்றி தரையில் பட விழுந்தார்கள்.

அப்போதும் அவர் திறந்து காட்டவில்லை. குடும்ப மானம் என்றார்.

"ஒரே ஒரு போட்டோ ஐயா," என்றாள் கியோங்-ரன். "பெட்டியத் திறந்து வெச்சு நீங்க பக்கத்துல நின்னா, இவங்க நெய்ஞ்ச துணியெல்லாம் ஒரே வாரத்துல வித்துடும்."

"இவரு எங்க ஒத்துக்குவாரு," என்றார் டோக்-சு. "உள்ள இருக்கற தாத்தாங்களக் கேளு. அவங்க போஸ் குடுப்பாங்க."

சுன்-நே தையலிலிருந்து தலை தூக்கவில்லை. வசந்தத்திலிருந்து அவள் பென்சிலால் வரைந்துகொள்ளும் புருவம் மட்டும் ஏறி இறங்கியது.

கதவு திறந்தது. தகர வீட்டு வரிசையின் கோடியில் இருந்த நோ கிழவரின் மகள்.

"அப்பா விடியக்காலைல போயிட்டாரு. நாளைக்கு அவருக்கு உடுத்தணும். தன் சாவுக்குன்னு எடுத்து வெச்ச சணல் உடுப்பு தீயில போச்சேன்னு கடைசி வரைக்கும் அதையேதான் பொலம்பிக்கிட்டிருந்தாரு."

கியோங்-ரன் மேசையைப் பார்த்தாள். வெட்டாத துணி ஒரு முழம்கூட இல்லை.

"கோப்பைத் துண்டு நெறைய..." என்று ஆரம்பித்த டோக்-சு வாயை மூடிக்கொண்டார்.

மன்-ஹோ மனைவியைப் பார்த்தார். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

அவர் எழுந்தார். முதுகு வளையாமல் பெட்டியை இறக்கினார். முடிச்சில் கை ஒரு கணம் நின்றது. பண்டிகையன்று தரையைத் தொட்ட நெற்றிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அவிழ்த்தார்.

பெயர்ப்பலகை ஒன்றுகூட இல்லை. மடிப்புக் கலையாத சணல் உடை இருந்தது. சட்டை, கால்சட்டை, மேலங்கி, காலுறை. அவர் சாவுக்கென்று அவர் மனைவி நெய்து தைத்தது.

"தாத்தாங்க நல்லா மடங்கிப் படுத்திருக்காங்க, அண்ணே," என்றார் டோக்-சு.

மன்-ஹோ அவர் பக்கம் திரும்பவில்லை. "எடுத்துட்டுப் போம்மா. உங்கப்பா என்னைவிடக் குட்டை. கால்கிட்ட மடிச்சு விடு."

முன்னோரை எரியவிட்டுத் தன் சவத்துணிக்காக மன்-ஹோ தீக்குள் ஓடினார் என்று இப்போது ஊர் பேசுகிறது. புகையில் பெட்டி மாறிவிட்டது என்று ஷின் குடும்பத்தார் சொல்கிறார்கள்.

இரண்டும் தவறு.

ஓடியது சுன்-நே. அவர் வாசலுக்கு வெளியே நின்று, "முன்னோர் பெட்டி இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

சுன்-நேக்குக் காது நன்றாகவே கேட்கும்.